நடைக்கலை 1967-இல் பிறக்கவில்லை

நடப்பதையே படைப்பாகக் கொள்ளும் கலைஞர்களைப் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் எழுதப்படுகின்றன. 1921-இல் பாரிசில் தாதா கலைக் குழுவினர் ஒரு சிறிய தேவாலயத்துக்குச் சென்ற உலா முதலில் வரும். அடுத்து, நகரத்தில் இலக்கின்றி அலைவதைப் பற்றி 1956-இல் பிரெஞ்சு எழுத்தாளர் கீ தெபோர் வெளியிட்ட கோட்பாடு. 1967-இல் ரிச்சர்ட் லாங் என்ற இங்கிலாந்து மாணவர் ஒரு புல்வெளியில் நேர்கோட்டில் திரும்பத் திரும்ப நடந்தார். புல் மடிந்து உண்டான தடத்தைப் படமெடுத்தார். 1973-இல் கலைஞர் ஹாமிஷ் ஃபுல்டன் பிரிட்டனின் வடகிழக்குக் கோடியிலிருந்து தென்மேற்குக் கோடிவரை 1022 மைல் நடந்தார். இனி நடையிலிருந்து பிறப்பதை மட்டுமே கலையாகச் செய்வது என்று முடிவெடுத்தார். இந்த நிகழ்வுகள் எல்லாம் உண்மை. அவற்றின் மதிப்பையும் யாரும் மறுக்க வேண்டியதில்லை.

மறுக்க வேண்டியது இந்த வரிசையிலிருந்து எடுக்கப்படும் முடிவை. நடை ஒரு கலைச் செயலானது ஐரோப்பாவில், அதுவும் இருபதாம் நூற்றாண்டில்தான், அதற்கு முன் உலகெங்கும் மக்கள் பிழைப்புக்காகவும் பக்திக்காகவும் வாணிகத்துக்காகவும் நடந்தார்களே தவிர, நடையைப் படைப்பாக எண்ணவில்லை என்பது அந்த முடிவு. வழிநெடுக யாழும் முழவும் சுமந்து சென்ற பாணரும் கூத்தரும் பொருநரும் விறலியரும் இந்தப் பார்வையில் வறுமையால் ஊர்விட்டு ஊர் அலைந்தவர்களாகிவிடுகிறார்கள். அவர்களுடைய பாட்டு கலை, அவர்களுடைய நடை வெறும் போக்குவரத்து என்று இரண்டும் தனித்தனியாகப் பிரிக்கப்படுகின்றன. தமிழில் எழுதுவோரும் இதைச் சோதிக்காமல் ஏற்றுக்கொள்வது உண்டு. சங்க இலக்கியம் இதற்கு நேர்மாறான சான்றைத் தருகிறது. அந்தச் சான்று தெளிவாகக் கிடைக்கும் இடங்களில் ஒன்று கொல்லிமலை.

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக, 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிறது கொல்லி. அதன் தலைவனைக் கொல்லியை ஆண்ட வல்வில் ஓரி என்று புறநானூற்றின் 158-ஆம் பாட்டு குறிப்பிடுகிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரியை இன்று பெரும்பாலோர் வில்லாளியாக மட்டுமே அறிவார்கள். ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியவன் என்ற செய்தி பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தச் செய்தி வரும் பாட்டு புறநானூறு 152, பாடியவர் வன்பரணர். ஆனால் அந்தப் பாட்டில் அம்பு பாய்வது தொடக்கத்தில் மட்டும்தான். மீதிப் பாட்டு முழுவதும் நடந்துகொண்டிருந்த ஒரு கலைக்குழு வழியில் நிகழ்த்திய ஆற்றுகையைப் பற்றியது.

வழியில் ஒரு வேட்டுவனைக் குழு காண்கிறது. அவன் மார்பில் ஆரம் தவழ்கிறது; வேட்டையாடி விற்றுப் பிழைப்பவனாகத் தெரியவில்லை. இவன் ஓரியோ, வேறொருவனோ என்ற ஐயத்தோடு குழுவின் தலைவர் விறலியரை அழைக்கிறார். ஒரு வண்ணம் பாடலாம், முழவை அமையுங்கள், யாழில் பண்ணை நிறுத்துங்கள், தூம்பை ஊதுங்கள், எல்லரியையும் ஆகுளியையும் இசையுங்கள், பதலையின் ஒரு முகத்தை மெல்லத் தட்டுங்கள், கோலை என் கையில் தாருங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். இருபத்தொரு துறைகளும் முறையாகப் பாடி முடிக்கப்படுகின்றன. பாட்டின் முடிவில் ‘கோ’ என்று சொல்லும்போது அது தன்னைக் குறிப்பதால் வேட்டுவன் நாணுகிறான். நாடுநாடாக வருகிறோம், உனக்கு ஒப்பான வேட்டுவர் எங்கும் இல்லை என்கிறார்கள் கலைஞர்கள். அவன் தான் கொன்ற மானின் இறைச்சியைச் சமைத்துக் கொடுக்கிறான், மது தருகிறான், தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் அந்தச் சுரத்தின் நடுவிலேயே அள்ளித் தருகிறான்.

இங்கே அரண்மனை இல்லை, அவை இல்லை, முன்கூட்டிக் குறித்த நேரம் இல்லை. ஆற்றுகையின் இடத்தைத் தீர்மானித்தது வழி. பார்வையாளரைத் தந்ததும் வழி. பரிசில் கைமாறியதும் வழியில்தான். கலைஞர்கள் தங்கள் புகழுரைக்கு ஆதாரமாகக் காட்டுவது நாடுநாடாக நடந்து வந்த அனுபவத்தை. பல நாடுகளைப் பார்த்துவந்தவர்கள் என்பதால்தான் ஒருவனை ஒப்பற்றவன் என்று சொல்லும் தகுதி அவர்களுக்கு உண்டு. இந்தக் காட்சியில் நடையைப் போக்குவரத்து என்று பிரித்தெடுத்துவிட்டால் மிஞ்சுவது எதுவும் இல்லை.

ஓரிக்கும் நடக்கும் கலைஞர்களுக்கும் இருந்த உறவு ஒரு பாட்டோடு நிற்கவில்லை. சிறுபாணாற்றுப்படை ஏழு வள்ளல்களின் கொடையை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது, ஓரி தன் நாட்டைக் கோடியருக்கு, அதாவது கூத்தருக்கு, ஈந்தவன் என்கிறது. மற்றொரு பாட்டும் உண்டு. புறநானூறு 204-இல் கழைதின் யானையார் ஓரியிடம் இரத்தலின் இழிவையும் ஈதலின் உயர்வையும் பேசுகிறார். தெளிந்த நீருள்ள பெருங்கடலில் தாகம் கொண்டவர் யாரும் குடிப்பதில்லை. மாடும் விலங்கும் கலக்கிச் சேறாக்கிய சிறிய நீர்நிலையானாலும் குடிக்கத் தகுந்த நீர் இருக்கும் இடத்துக்குப் பாதைகள் பலவாகின்றன என்பது அவர் தரும் உவமையின் கருத்து. கால்கள் மீண்டும் மீண்டும் பட்டுத்தான் தரையில் தடம் உண்டாகிறது, அந்தத் தடமே அந்த இடத்தின் மதிப்பைச் சொல்லும் சான்றாகிறது என்ற எண்ணம் ஓரியின் முன் பாடிய புலவரிடம் இருந்திருக்கிறது. 1967-ஆம் ஆண்டுப் புல்வெளிப் படத்தைப் புதிய சிந்தனை என்று கற்பிக்கும் வகுப்பறைகளில் இந்தப் பாட்டும் படிக்கப்பட வேண்டும்.

தனிப்பாடல்களைவிட வலுவான சான்று ஒரு முழு இலக்கிய வகை. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை: திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை என்னும் மலைபடுகடாம். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர் எதிரே வரும் கலைஞரைக் கண்டு, தான் வந்த வழியைச் சொல்லி அவரை ஆற்றுப்படுத்துவது இதன் அமைப்பு. தொல்காப்பியம் இதற்குப் புறத்திணையியலில் இலக்கணமே வகுத்திருக்கிறது. ஒரு மொழியின் இலக்கண நூல், நடக்கும் கலைஞர் நடக்கும் கலைஞருக்கு வழி சொல்வதைத் தனி வகையாக ஏற்றிருக்கும்போது, அந்தச் சமூகம் நடையைக் கலையோடு இணைத்து எண்ணவில்லை என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

மலைபடுகடாம் இவற்றில் நின்று கவனிக்க வேண்டிய நூல். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இதன் 583 அடிகளில் பெரும்பாலானவை குறுநில மன்னன் நன்னனுடைய செங்கண்மாவை நோக்கிச் செல்லும் மலைவழியைப் பற்றியவை. கொல்லியைப் போலவே கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த நாடு அது. நூலின் வரிசையே வழியின் வரிசை. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உண்டு. அதனால் விடிந்த பிறகு நடக்க வேண்டும். தினைப்புனம் காப்போர் யானை மேல் எறியும் கவண்கற்கள் தவறி வந்து விழும். மரத்தின் மறைவில் ஒதுங்கிச் செல்ல வேண்டும். வழுக்குப் பாறைகளில் கொடிகளைப் பற்றிக்கொள்ள வேண்டும். கடவுள் உறையும் இடத்தில் கைதொழ வேண்டும், ஆனால் இசைக்கருவிகளைத் தொடக் கூடாது; தொட்டால் மழை பிடித்துக்கொள்ளும். போரில் மாண்ட மறவர்களுக்கு நட்ட கற்கள் நிற்கும் கவர்வழிகளில் யாழை மீட்டிப் பாடிவிட்டு விரைந்து செல்ல வேண்டும்.

இவை பயண எச்சரிக்கைகள் மட்டும் அல்ல. எங்கே இசைப்பது, எங்கே இசைக்காமல் இருப்பது, யாருக்காக நின்று பாடுவது என்று வழியின் ஒவ்வொரு இடமும் ஆற்றுகையை நெறிப்படுத்துகிறது. இது ஒரு நிகழ்த்துகுறிப்பு. இன்னொருவர் தம் உடலால் நிறைவேற்றுவதற்காகச் சொற்களில் எழுதி வைத்த கலை. கலைஞர் யோக்கோ ஓனோ 1964-இல் வெளியிட்ட ‘கிரேப்ஃப்ரூட்’ என்ற நூலில், வாசகர் செய்து பார்க்க வேண்டிய செயல்களைச் சிறு குறிப்புகளாக எழுதினார். குறிப்பே படைப்பு என்ற கருத்துக்கு அந்த நூல் முன்னோடியாகப் போற்றப்படுகிறது. அதே அளவுகோலை மலைபடுகடாத்துக்கும் வைத்தால் அதை வெறும் வருணனைப் பாட்டு என்று ஒதுக்க முடியாது.

மலைபடுகடாத்தில் வரும் ஒரு செயல் இந்த விவாதத்துக்கு மிக நெருக்கமானது. பழக்கமில்லாத நிலத்தில் வழி பிரியும் இடத்தில், பின்னால் வருபவர் தடுமாறாமல் இருக்கப் புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள் என்று கூத்தரிடம் சொல்லப்படுகிறது. ரிச்சர்ட் லாங்கின் தடமும் புல்லில் பதிந்தது. கூத்தர் இட்ட முடிச்சும் புல்லில்தான். இரண்டும் சில நாட்களில் அழிந்துவிடுபவை. லாங்கின் தடம் அவர் அங்கே நடந்ததற்குச் சான்றாக நிற்கிறது, பார்ப்பவர் அதைப் படத்தில் பார்க்கிறார். கூத்தரின் முடிச்சு அடுத்துவரும் கூத்தருக்கு விடப்பட்ட செய்தி, அவர் அதைத் தொட்டுத் தொடர்ந்து நடக்கிறார். தடம் பதிப்பதைக் கலை என்று கொண்டால் இரண்டும் கலைதான். கலை பிறரோடு கொள்ளும் உறவு என்று கொண்டால் பழைய முடிச்சு ஒருபடி மேலே நிற்கிறது.

நூலுக்குப் பெயர் வந்ததும் நடப்பவரின் காதால்தான். மலையில் எழும் ஓசைகளை யானையின் மதமாக உருவகித்த பெயர் அது. அருவியாடும் மகளிரின் ஒலி, முள்ளம்பன்றியால் புண்பட்ட கானவரின் அழுகை, புலி கீறிய கணவரின் புண் ஆறப் பெண்கள் பாடும் பாட்டு, வேங்கைப் பூப் பறிக்கும் பெண்கள் புலி புலி என்று எழுப்பும் கூச்சல், தினை குற்றும் ஓசை என்று ஓசைகள் நீளமாக அடுக்கப்படுகின்றன. கண்ணுக்கு எட்டாத மலை, காதுக்கு எட்டுகிறது. ஓரிடத்தில் நின்று இத்தனையும் கேட்க முடியாது, விரைந்து கடப்பவர் காதிலும் இவை விழாது. ஒலிகளைச் சேகரித்துக்கொண்டு நடப்பதை இன்றைய ஒலிக்கலைஞர்கள் தனித் துறையாக வளர்த்திருக்கிறார்கள். அந்தத் துறையின் பழைய நூல்களில் மலைபடுகடாத்துக்கு இடம் இல்லாமல் போனதற்கு அது தமிழில் இருப்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

மறுதரப்பின் முதன்மையான வாதம் வறுமை. பாணர் விரும்பி நடக்கவில்லை, பசி அவர்களை நடத்தியது. தேர்ந்தெடுத்துச் செய்யாத செயல் கலையாகாது என்கிறார்கள். பசி உண்மைதான். ஆற்றுப்படைகள் கிழிந்த உடையையும் ஒட்டிய வயிற்றையும் மறைக்கவே இல்லை. நடந்து களைத்த விறலியின் பாதத்தை இளைத்த நாயின் நாக்குக்கு ஒப்பிடுகின்றன. ஆனால் தேவை இருந்தால் கலை இல்லை என்ற விதியை எல்லோருக்கும் ஒன்றாகப் பின்பற்ற வேண்டும். 1689-இல் ஜப்பானின் வடபகுதியில் மாதக்கணக்கில் நடந்த கவிஞர் பாஷோவை வழியெங்கும் புரவலர்களும் மாணவர்களும் வீட்டில் தங்கவைத்து உணவிட்டார்கள். அவர் அவர்களோடு அமர்ந்து தொடர்கவிதை இயற்றினார். பாட்டுக்கு உணவும் உறைவிடமும் என்ற அந்த ஏற்பாட்டுக்கும் பாணரின் ஏற்பாட்டுக்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. பாஷோவின் நடையைப் பிழைப்பு என்று யாரும் சொல்வதில்லை. ரிச்சர்ட் லாங் 1989-இல் டர்னர் பரிசு பெற்றார்; அவருடைய நடைகளிலிருந்து பிறந்தவை காட்சிக்கூடங்களில் விலைக்குப் போகின்றன. அதனால் அவர் நடை கலையின் தகுதியை இழக்கவில்லை. காட்சிக்கூடத்தின் காசோலை கலையைக் கெடுக்காது, ஓரியின் பொன் மட்டும் கெடுத்துவிடும் என்பது நியாயமான அளவுகோல் அல்ல.

இந்த இடத்தில் புறநானூறு 153 எடுத்துக்காட்டப்படலாம். ஓரியிடம் பரிசில் பெற்ற கலைஞர்கள் உண்டு நிறைந்து ஆடலையும் பாடலையும் மறந்துவிட்டார்கள் என்கிறார் அதே வன்பரணர். பசி தீர்ந்ததும் கலையும் தீர்ந்தது, எனவே பசிதான் கலையின் காரணம் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. கொடையின் மிகுதியைச் சொல்லும் புகழுரை அது. மறந்துபோனார்கள் என்பதைச் சொல்வதற்கே ஒரு பாட்டு தேவைப்பட்டது. அதைப் பாடியவர் மறந்துவிடவில்லை. வேறொரு திசையிலும் இந்த வாதம் உடைகிறது. திருமுருகாற்றுப்படையில் பொன்னும் இல்லை, யானையும் இல்லை. நக்கீரர் அருள் வேண்டுபவரை முருகனின் ஆறு இடங்களுக்கு ஆற்றுப்படுத்துகிறார். பரிசில் என்ற காரணம் நீங்கிய பிறகும் வழி சொல்லும் வடிவம் அப்படியே நிற்கிறது. வறுமை மட்டுமே அந்த வடிவத்தைத் தாங்கியிருந்தால் இது நடந்திருக்காது.

கலைஞரின் நடைக்கு அந்தச் சமூகம் எத்தகைய மதிப்புக் கொடுத்தது என்பதற்குப் பொருநராற்றுப்படை போதும். கரிகாலன் பொருநருக்கு விடைகொடுக்கும்போது ஏழு அடி அவர் பின்னால் நடந்து சென்று தேரில் ஏற்றி அனுப்புகிறான். கொடையின் உச்சமாகப் புலவர் முடத்தாமக்கண்ணியார் காட்டுவது, நடந்து வந்தவருக்காக வேந்தன் நடந்த அந்த ஏழு அடியை.

இரண்டாவது வாதம் நுட்பமானது. ஆற்றுப்படைகளை இயற்றியவர்கள் புலவர்கள். அவர்கள் பாணரின் குரலை ஏற்றுப் பாடினார்களே தவிர, தாங்களே யாழ் சுமந்து நடந்தவர்கள் அல்லர். ஆகவே நடை இங்கே ஓர் இலக்கிய மரபு மட்டும் என்பது அதன் சாரம். ஆய்வாளர் க. கைலாசபதி 1968-இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வு நூலில், சங்கப் பாடல்களை அலைந்து திரிந்த பாணர்களின் வாய்மொழி மரபில் வைத்துக் கிரேக்கக் காவியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அதை ஏற்காத ஆய்வாளர்கள், புலவர் வேறு பாணர் வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். அந்தப் பிரிவை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் மறுதரப்புக்கு அது உதவாது. கல்வி மிக்க புலவர் ஒருவர் நன்னனைப் புகழத் தம் குரலை விட்டுவிட்டு, நடந்து வந்த கூத்தரின் குரலைத் தேர்ந்தெடுத்தார் என்றால், அந்தக் குரலுக்குத் தனி மதிப்பு இருந்திருக்க வேண்டும். ஒரு கலை நடைமுறை ஊன்றிய பிறகுதான் அதன் சாயலில் இலக்கியம் எழும். நடக்கும் கலைஞர் இல்லாத நாட்டில் ஆற்றுப்படை தோன்றியிருக்காது.

நடை தானே கலையாக வேண்டும், பாட்டின் மூலமாக அல்ல என்ற மூன்றாவது வாதத்துக்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. லாங்கின் நடையை உலகம் படமாகவும் வரைபடமாகவும் அறிந்தது. ஃபுல்டனின் நடை சுவரில் எழுதிய சொற்களாகவே காட்சிக்கு வருகிறது. நடை முடிந்ததும் மறைந்துவிடும் இயல்புடையது. எந்தக் காலத்திலும் வேறொரு வடிவத்தின் வழியாகவே அது பிறரை அடைந்திருக்கிறது.

சங்க காலத்தோடு இது முடிந்தும் போகவில்லை. சிலப்பதிகாரத்தில் புகாரிலிருந்து மதுரைவரை நடக்கும் வழியே கதையைச் சுமக்கிறது. காடுகாண் காதையில் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளும் அவற்றின் இடர்களும் விரித்துரைக்கப்படுகின்றன. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரோடு தலந்தோறும் சென்று அவர் பதிகங்களை யாழில் இசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். உடன் சென்றவர் அவர் துணைவியார் மதங்கசூளாமணியார். பாணர் மரபு பக்தி இயக்கத்துக்குள் நடந்தே வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் வழிநடைச் சிந்து என்ற வகை, வழியில் காணும் ஊர்களையும் காட்சிகளையும் நடையின் தாளத்தில் பாடியது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து, ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றபோது பாடப்பட்டது என்பது வழங்கிவரும் வரலாறு. காவடி சுமப்பவரின் அடிவைப்பை விட்டுவிட்டு அந்தச் சந்தங்களை விளக்க முடியாது. மராட்டியத்தில் ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் பண்டரிபுரம் செல்லும் வார்க்கரிகள் இன்றும் அபங்கங்களைப் பாடியபடியே நடக்கிறார்கள்.

இந்த மறுப்பை, எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்ற பெருமைப் பேச்சாகத் திரித்துவிடக் கூடாது. அதுவும் ஒரு தவறுதான். பாணரின் நடையும் லாங்கின் நடையும் ஒன்று அல்ல. மேற்கின் நவீன நடைக்கலைஞர் பெரும்பாலும் தனியே நடக்கிறார். மனிதர் குறைந்த வெளியைத் தேடுகிறார். தம் அனுபவத்தைப் பதிவு செய்கிறார். தமிழ்க் கலைஞர் குழுவாக நடந்தார். மனிதர் வாழும் இடத்தைத் தேடினார். தம் அனுபவத்தை இன்னொருவருக்கு வழியாக்கினார். எயிற்பட்டினத்தில் என்ன உணவு கிடைக்கும், வேலூரில் என்ன, ஆமூரில் என்ன என்று சிறுபாணாற்றுப்படை சொல்வது அந்த அக்கறையால்தான். இந்த வேற்றுமைகளை ஆராய்ந்தால் இரு மரபுகளும் தெளிவாகும். ஒன்றைக் கலை என்றும் மற்றொன்றை வயிற்றுப்பாடு என்றும் பிரித்தால் இரண்டுமே விளங்காமல் போகும்.

கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கையொட்டி அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. செம்மேட்டில் ஓரியின் சிலை உண்டு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை மேலே ஏறுகிறது. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருகில், ஆகாய கங்கை அருவியைக் காண ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை எல்லோரும் காலால்தான் இறங்கி ஏற வேண்டும். விழாவில் வில்லாளிக்குக் கிடைக்கும் முதன்மை, அவன் நாட்டையே பரிசிலாகப் பெற்ற கூத்தருக்கும் கிடைக்க வேண்டும். விழாவை நடத்துவோர் ஒரு நாளை நடக்கும் கலைஞர்களுக்கு ஒதுக்கலாம். அடிவாரத்திலிருந்து மலைக்கு ஆடியும் பாடியும் நடந்து செல்லும் ஒரு கூத்துக் குழுவை முன்னால் விடலாம். சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளில் நடைக்கலையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் லாங்கையும் ஃபுல்டனையும் தாராளமாகக் கற்பிக்கட்டும். அவர்களுக்கு முன்பாகப் புறநானூறு 152-ஐயும் மலைபடுகடாத்தையும் மாணவர் கையில் கொடுக்கட்டும்.